பூக்கும் காலமும் தேனீயின் காலமும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)

சென்ற மாதம் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பாகல் பந்தலின் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தேன். பந்தல் நிறைய மஞ்சள் பூ. பார்க்கக் கண் நிறைந்தது. ஆனால் பந்தல்காரர் முகத்தில் சந்தோஷமில்லை. ஒரு பிஞ்சைத் தொட்டுக் காட்டினார். விரல் கடை நீளம்கூட இல்லை, அதற்குள் மஞ்சள் பாய்ந்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"பூவுக்குக் குறைச்சலே இல்ல அண்ணாச்சி, பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குது. உரம் வச்சுப் பாத்தாச்சு, மருந்தும் ரெண்டு தடவை அடிச்சாச்சு" என்றார்.

நான் அவரைக் கேட்டது ஒன்றுதான். "காலையிலே இங்கே ஈ வருதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முன்னெல்லாம் பந்தலுக்குள்ள நுழைஞ்சா ஒரு இரைச்சல் கேக்கும். இப்ப அப்படிக் கேட்டதா ஞாபகம் இல்ல" என்றார்.

தேனீயை எங்கள் குமரி மாவட்டத்தில் வெறுமனே 'ஈ' என்றுதான் சொல்லுவோம். அந்த ஈயைப் பற்றியும், அது வராமல் போவதற்கும் மாறிவரும் பருவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் பந்தல்காரர் சங்கதியை முடித்துவிடுவோம். பாகல், பூசணி, வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடலை எல்லாமே ஒரே கொடியில் ஆண் பூவையும் பெண் பூவையும் தனித்தனியாகப் பூக்கிற இனங்கள். பெண் பூவின் அடியில் பிஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். அதைப் பார்த்ததும் காய்த்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது இன்னும் காயாகவில்லை. ஆண் பூவின் மகரந்தத்தூள் அந்தப் பூவின் சூல்முடியில் பட்டால்தான் காயாகும். படாவிட்டால் இரண்டு மூன்று நாளில் பழுத்து உதிரும். இந்த இனங்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது. காற்றிலே பறந்து போகாது. யாராவது சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அந்தச் சுமைக்கூலிதான் பூவில் ஊறும் மதுரம்.

எல்லாப் பயிருக்கும் தேனீ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. நெல் தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் காற்றுப் போதும். நாம் சாப்பிடுகிற வாழை கருவுறாமலே காய்க்கிறது. மரச்சீனியில் கிழங்கைத்தானே எடுக்கிறோம், அதற்குத் தேனீ எதற்கு? ஆனால் சூரியகாந்தி, எள், கொத்தமல்லி, வெங்காய விதை, முருங்கை, ஏலம், ரோபஸ்டா காப்பி, பந்தல் காய்கறி என்று வந்துவிட்டால் கதை வேறே. ஏலப்பூ ஒரே ஒரு நாள்தான் இருக்கும். விடியக்காலையில் விரியும், அன்றைக்குத் தேனீ வராவிட்டால் அந்தப் பூ வீண்தான். எவ்வளவு உரம் வைத்தாலும் போனது போனதுதான்.

நம்முடைய ஊர்ப் பக்கத்தில் இருக்கிற தேனீக்களைத் தாங்கள் அறிவீர்கள். பாறையிலும் பெரிய மரக்கிளையிலும் ஒற்றை அடையாகக் கட்டுகிற மலைத்தேனீ, புதரிலே சின்ன அடை கட்டும் கொம்புத்தேனீ, பொந்திலும் பெட்டியிலும் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இந்தியத் தேனீ, சுவர்ப் பொந்தில் குடியிருக்கும் கொசுத்தேனீ. இவை போக வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயும் பெட்டியில் வளர்க்கப்படுகிறது. காய்ந்த கட்டையையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டையும் மறக்கக் கூடாது. அதுவும் தேனீ ஜாதிதான். கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிற வித்தை அதற்குத் தெரியும். பெட்டித்தேனீக்கு அது தெரியாது.

சரி, பருவத்துக்கு வருவோம்.

நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த வாயு ஒரு கம்பளி மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. நம் இந்திய நாட்டின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொல்லுகிறது. "முக்கால் டிகிரிதானே, அதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். சராசரி என்பது ஏமாற்றுகிற கணக்கு. ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை மூன்று நாளில் கொட்டிவிட்டு மீதி நாள் காய்ந்தாலும் சராசரி சரியாகவே இருக்கும். பயிருக்கும் தேனீக்கும் சராசரி தெரியாது. இன்றைக்கு என்ன வெயில், நேற்று மழையா இல்லையா என்பதுதான் தெரியும்.

மரம் எப்போது பூக்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறது? சில மரத்துக்கு வெப்பம், சிலதுக்கு மழை, சிலதுக்கு வறட்சி, சிலதுக்குப் பகல் நேரத்தின் நீளம். தேனீக்கூட்டம் எப்போது பெருக வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறது? உள்ளே வருகிற மகரந்தத்தையும் மதுரத்தையும் வைத்து. இரண்டும் ஆயிரக்கணக்கான வருஷமாக ஒன்றையொன்று பார்த்து நடந்துவந்தவை. இப்போது பருவம் ஆட்டம் காணும்போது ஒன்று முந்திக்கொள்ளுகிறது, இன்னொன்று பிந்திவிடுகிறது. சந்தைக்கு ஆள் வந்த நாளில் சரக்கு இல்லை, சரக்கு வந்த நாளில் ஆள் இல்லை என்கிற நிலைமை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் பெட்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறேன்.

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். எங்கள் பகுதியில் பெட்டித்தேனீ வளர்ப்புக்கு நூறு வருஷப் பழக்கம் உண்டு. 1920-களில் அங்கே கிராமச் சீரமைப்பு வேலை செய்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இந்தத் தொழிலை ஊக்கப்படுத்தினார். நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த சிறிய பெட்டிதான் இன்றைக்கும் எங்களிடம் இருப்பது. எங்களுக்கு முக்கியமான தேன் எந்தப் பூவிலிருந்து வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பூவிலிருந்து இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள்! ரப்பர் மரத்தின் இளந்தளிரில், மூன்று இலையும் சேருகிற காம்பின் நுனியில், மதுரம் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இலை இளசாக இருக்கிற கொஞ்ச நாள் மட்டுமே சுரக்கும். இலை முற்றிவிட்டால் வற்றிவிடும்.

வழக்கமாக மார்கழி வாக்கில் மழை ஓய்ந்து, பனியும் வறட்சியும் சேரும்போது ரப்பர் தோட்டம் மொத்தமாக இலை உதிர்க்கும். தை மாதத்தில் செம்பு நிறத் தளிர் விடும். மாசி, பங்குனியில் தேன் எடுப்போம். எங்களுக்கு வருஷம் முழுக்க நடக்கிற பிழைப்பு அந்த இரண்டு மாதத்திலேதான் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதைத் தேனீ வளர்க்கிற ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும். ராணித்தேனீ இன்றைக்கு ஒரு முட்டை இடுகிறது. அது புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வேலைக்காரத் தேனீயாக வெளியே வர ஏறக்குறைய 20 நாள். வந்த உடனே வயலுக்குப் போகாது. அறையைச் சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது, வாசலில் காவல் நிற்பது என்று வீட்டு வேலையில் இன்னொரு 20 நாள் கழியும். அதற்குப் பிறகுதான் மதுரம் தேடிப் பறக்கும். ஆக, முட்டையிலிருந்து அறுவடைக்காரனாக ஆவதற்கு 40 நாள். பறக்கத் தொடங்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் உழைத்துவிட்டுச் செத்துப்போகும். தளிர் தை பதினைந்தில் வருமானால், கார்த்திகைக் கடைசியிலிருந்தே ராணி தாராளமாக முட்டை வைத்தாக வேண்டும். அதற்காகத்தான் ஐப்பசி, கார்த்திகையில் சர்க்கரைப் பாகு கொடுத்துக் கூட்டத்தைப் பெருக்குகிறோம்.

2021-ம் வருஷத் தொடக்கத்தில் என்ன நடந்தது என்பது தென்மாவட்ட விவசாயிகளுக்கு நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடியவில்லை. ஜனவரி பாதி தாண்டியும் கொட்டியது. பொங்கல் நாளில் தாமிரபரணியில் வெள்ளம். அறுவடைக்கு நின்ற நெல் பல இடத்தில் சாய்ந்து முளைத்துப் போயிற்று. அந்த வருஷம் என்னிடம் முப்பது பெட்டி. அப்பா காலத்துக் கணக்குப்படி கார்த்திகையிலேயே பாகு ஊட்டி வளர்த்திருந்தேன். தை பிறந்தபோது ஒவ்வொரு பெட்டியிலும் சட்டம் தெரியாத அளவுக்கு ஈ. நானும் தேன் அறையை ஏற்றி வைத்துவிட்டுத் தோட்டத்தை அண்ணாந்து பார்க்கிறேன், பழைய இலை அப்படியே நிற்கிறது. ஈரம் இருக்கிறவரை மரம் ஏன் இலையை விடப்போகிறது? பிறகு உதிர்ந்ததும் ஒன்றுபோல உதிரவில்லை. இந்த மரம் தளிர் விடும்போது பக்கத்து மரம் மொட்டையாக நின்றது, அடுத்தது பச்சையாக நின்றது. வந்த தளிரிலும் ஈரக்காற்றினால் சாம்பல் நோய் விழுந்து பாதி சுருண்டுவிட்டது.

பெட்டிக்குள்ளே பறக்கத் தயாராக நின்ற கூட்டத்துக்குப் போக இடமில்லை. நான் சேர்த்துவைத்த பாகையே தின்று தீர்த்தது. சில பெட்டியில் புது ராணியை வளர்த்துக்கொண்டு கூட்டம் பிரிந்து பறந்துவிட்டது. மூன்று வாரம் கழித்துத் தளிர் ஒழுங்காக வந்தபோது என் உழைப்பாளிகளில் பாதி செத்து, மீதி கிழடாகி இருந்தது. அந்த இடைவெளியில் உள்ளே உணவு குறைந்ததால் ராணியும் முட்டையை நிறுத்திவிட்டிருந்தது. முப்பது பெட்டியில் அந்த வருஷம் எடுத்த தேன், முன் வருஷம் பத்துப் பெட்டியில் எடுத்த அளவுகூட இல்லை.

என் மச்சான் ஒருவர், நாற்பது பெட்டி வைத்திருந்தவர், அந்த வருஷத்தோடு பெட்டிகளை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். "ஈ இருக்கு மாப்பிள, தளிரும் இருக்கு. ரெண்டும் சந்திச்சுக்கலையே" என்றார். விஞ்ஞானிகள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு பேச்சில் சொல்லிவிட்டார்.

ஒரு வருஷத்து மழையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பருவமாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அந்தக் காலத்திலும் பருவம் தவறி மழை பெய்ததுண்டு. ஆனால் இப்போது அப்படிப்பட்ட வருஷங்கள் நெருங்கி நெருங்கி வருகின்றன. இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991, 92-ல் தென்னிந்தியா முழுவதும் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் வந்து இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியை அழித்தது. ஊர் ஊராகக் காலிப் பெட்டி கிடந்தது. அதற்கு வெயில் காரணமில்லை, மழை காரணமில்லை. அதேபோலப் பூத்திருக்கிற வயலில் நட்ட நடுப் பகலில் மருந்து அடித்துத் தேனீயைக் கொன்றுவிட்டுப் பருவத்தைக் குறை சொல்லுவதும் நியாயமில்லை.

காப்பித் தோட்டக்காரர்களுக்கும் இதே கஷ்டம்தான், வேறு உருவத்தில். கூடலூர், வயநாடு, குடகுப் பக்கத்தில் ரோபஸ்டா காப்பி அதிகம். மொட்டு கட்டி நிற்கிற செடிக்கு மாசி, பங்குனியில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்பார்கள். அது பெய்து எட்டுப் பத்து நாளில் மலை முழுவதும் ஒரே வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான் அந்தப் பூவுக்கு வாழ்வு. அரபிகாக் காப்பி தன் மகரந்தத்தினாலேயே காய்க்கும். ரோபஸ்டா அப்படியில்லை, வேறு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். மலைத்தேனீ கூட்டம் கூட்டமாக வந்து இந்த வேலையைச் செய்கிறது. மலைத்தேனீ ஊர் சுற்றி, பூ கிடைக்கிற இடம் பார்த்து மலைக்கும் சமவெளிக்கும் மாறி மாறிப் போகும். பூ மழை முன்கூட்டி வந்து அது சமவெளியிலே இருக்கும்போது காப்பி பூத்துவிட்டால்? அல்லது பூத்த அன்றைக்கே மறுபடி மழை பிடித்துக்கொண்டால்? மகரந்தம் நனைந்து கெடும், தேனீயும் வெளியே வராது. மழை வராத வருஷம் வசதியுள்ளவர்கள் நீர் தெளித்துப் பூக்கவைக்கிறார்கள். இல்லாதவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

இனி வெயிலைப் பற்றி. தேனீப் பெட்டிக்குள் புழு வளருகிற பகுதி ஏறக்குறைய 34, 35 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். நமக்கு உடம்புச் சூடு மாதிரி. வெளியே அதைவிட வெயில் ஏறினால் தேனீ என்ன செய்யும் தெரியுமா? தண்ணீர் எடுத்துவந்து அடைகளின்மேல் தெளிக்கும். ஒரு கூட்டம் வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நம்ம ஊர் மண்பானைத் தத்துவம்தான்! ஆனால் இதற்கு ஆள் செலவு இருக்கிறது. மதுரம் கொண்டுவர வேண்டிய தேனீ தண்ணீர் சுமந்துகொண்டிருக்கும். 40 டிகிரி அடிக்கிற நாளில் தேன் வரவு படுத்துவிடுவது இதனாலும்தான். நிழலில்லாத இடத்தில் பெட்டி இருந்து, பக்கத்தில் தண்ணீரும் இல்லையென்றால் மெழுகு இளகி, தேன் நிறைந்த அடை அறுந்து விழும். இந்தியத் தேனீ ரோஷக்காரி. சூடும் பட்டினியும் சேர்ந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காது, ராணியோடு கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

தேனீ தாக்குப்பிடித்தாலும் பூ தாக்குப்பிடிக்க வேண்டுமே. கடும் வெயிலில் பூவில் மதுரம் வற்றுகிறது. மகரந்தத்தூள் உயிரற்றுப் போகிறது. தக்காளியில் பகல் வெயில் 35-ஐத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் பூ உதிருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே எந்த வண்டு வந்தும் பயனில்லை. பூசணி, பாகல் குடும்பத்தில் வெப்பம் கூடினால் ஆண் பூ அதிகமாகவும் பெண் பூ குறைவாகவும் வரும். ஆகையால் பிஞ்சு நிற்காததற்கெல்லாம் தேனீயே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையில் போய்ப் பந்தலைக் கவனியுங்கள். பெண் பூ இருக்கிறதா, ஈ வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள். 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடியே கருகிப்போயிற்று. செடி போன இடத்தில் தேனீயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

குளிர் தேசங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பம்பிள் தேனீ என்று மயிர் அடர்ந்த பருமனான தேனீ இருக்கிறது. குளிருக்கு ஏற்ற உடம்பு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பதிவுகளைத் திரட்டி 2015-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அந்தத் தேனீ இனங்களின் தெற்கு எல்லை சில இடங்களில் 300 கிலோமீட்டர் வரை சுருங்கியிருக்கிறதாம். வெப்பம் தாங்காமல் தெற்கே அழிகிறது. வடக்கே நகர்ந்து போய்ப் பிழைத்துக்கொள்ளலாமே என்றால், அப்படிப் போகவும் இல்லை. இரண்டு பக்கமும் நெருக்குகிற மாதிரி ஆகிவிட்டது.

அதைவிட என்னை யோசிக்கவைத்தது இன்னொரு ஆராய்ச்சி. அமெரிக்காவில் கோல்டன்ராடு என்று ஒரு மஞ்சள் பூச்செடி. குளிர்காலம் தொடங்குமுன் தேனீக்குக் கடைசி உணவு அதன் மகரந்தம்தான். அங்குள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1842 முதல் காயவைத்துப் பத்திரப்படுத்திய செடிகள் இருக்கின்றன. அவற்றின் மகரந்தத்தை எடுத்துச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் கரியமில வாயு ஏற ஏற மகரந்தத்திலுள்ள புரதச் சத்து குறைந்துகொண்டே வந்து, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பூ இருக்கிறது, மகரந்தம் இருக்கிறது, தேனீயும் வந்து வயிறு நிறையத் தின்கிறது. ஆனால் சத்து இல்லை. மாட்டுக்குப் பச்சைப் புல்லுக்குப் பதிலாக வெறும் வைக்கோலைப் போட்ட மாதிரி. நம் ஊர்ப் பூக்களில் இப்படி நடக்கிறதா என்பதை நம் ஆராய்ச்சியாளர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, உலகத்துச் சூட்டை நாம் தனியாகக் குறைக்க முடியாது. நம் எல்லைக்குள் என்ன செய்யலாம்?

நான் செய்வதைச் சொல்லுகிறேன். 2021-க்குப் பிறகு பாகு கொடுப்பதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தோட்டத்தைப் பார்க்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, ரப்பர் இலை மஞ்சளாக ஆரம்பித்த நாள், உதிர்ந்த நாள், தளிர் வந்த நாள், புளி, புங்கு, வேம்பு பூத்த நாள், மழை பெய்த நாள் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். மழை நீளும்போல இருந்தால் பாகைக் குறைத்து, ராணி முட்டை வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடவைக்கிறேன். எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் பெருக்காமல், பாதியை முன்னால், பாதியைப் பத்துப் பதினைந்து நாள் பின்னால் என்று இரண்டு தவணையாக வளர்க்கிறேன். ஒரு தவணை ஏமாந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். முழுத் தேன் கிடைக்காது, ஆனால் முழு நஷ்டமும் வராது. விதையைப் பட்டம் பார்த்துப் பிரித்து விதைக்கிற புத்திதான் இது.

பெட்டியைத் தென்னை நிழலிலோ மா நிழலிலோ வையுங்கள். காலை வெயில் படலாம், பிற்பகல் வெயில் ஆகாது. மேல் மூடியின்மேல் தென்னை ஓலையோ நனைத்த சாக்கோ போடுங்கள். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் கூழாங்கல்லோ சிறு குச்சியோ போடுங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் ஈ விழுந்து செத்துப்போகும். சட்டியைத் தினமும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கொசுதான் வளரும்.

பெட்டி வைக்காதவர்களும் தேனீயைக் காப்பாற்றலாம். முக்கியமானது, பூ இல்லாத மாதங்களை நிரப்புவது. தேனீ சாவது பூத்திருக்கிற காலத்தில் இல்லை, இரண்டு பூக்காலத்துக்கு நடுவேதான். வரப்பிலும் வேலியோரத்திலும் புங்கு, வேம்பு, நாவல், இலுப்பை, அகத்தி இருக்கட்டும். கிணற்று மேட்டில் நாலு முருங்கை. தென்னை வருஷம் முழுவதும் பாளை விடுவதால் அது பெரிய ஆதாரம். வீட்டு முற்றத்துத் துளசிகூடச் சின்ன ஆதாரம்தான். பல ஜாதி மரம் இருந்தால் ஒன்று முந்தினாலும் ஒன்று பிந்தினாலும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். 2017-ல் ஒக்கி புயலில் எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தபோது, வீட்டைச் சுற்றிப் பல மரம் வைத்திருந்தவர்களின் பெட்டிகள் ஓரளவுக்குத் தேறின. ரப்பரை மட்டும் நம்பி இருந்தவர்கள் வாங்கின சர்க்கரைக்குக் கணக்கே இல்லை. நானும் அதில் ஒருத்தன்.

காய்ந்த மூங்கிலையும் பட்ட கிளையையும் மொத்தமாக எரித்துவிடாமல் ஓரமாகக் கொஞ்சம் விட்டுவையுங்கள், கருவண்டு குடியிருக்கும். பழைய சுவரைப் பூசும்போது கொசுத்தேனீயின் மெழுகுக் குழாய் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுப் பூசுங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் பூ மூடிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள். அடிப்பதற்கு முதல் நாள் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் இரவிலே வாசலை வலைத் துணியால் மூடி, மறுநாள் திறந்துகொள்ளுவார். சூரியகாந்தி போடுகிறவர்கள் ஏக்கருக்கு இரண்டு பெட்டி வைத்தால் மணி பிடிப்பதில் வித்தியாசம் தெரியும். பெட்டிக்காரரோடு ஒரு பேச்சு வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்.

பாகல் பந்தல்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். உடனடிக்குக் கையால் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாக ஒற்ற வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். பாகலுக்கும் பூசணிக்கும் இதை விடியற்காலையில் செய்ய வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் பலன் குறைவு. பீர்க்கு, சுரை, புடலை மாலையில் விரிகிற பூ, ஆகவே அவற்றுக்குப் பொழுது சாயும் நேரம். அவரும் அவர் சம்சாரமுமாக நாலு நாள் செய்தார்கள். ஐந்தாம் நாள் போன் பண்ணினார். "பிஞ்சு நிக்குது அண்ணாச்சி. ஆனா ரெண்டு ஆளு ஒரு காலைப் பொழுது முழுக்க நின்னாலும் பந்தல்ல கால்வாசிதான் முடியுது. உங்க ஈ இதுக்கு என்ன கூலி கேக்கும்?"

அடுத்த நாளே இரண்டு பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, இருட்டின பிறகு கொண்டுபோய் அவருடைய பந்தல் ஓரத்துத் தென்னை அடியில் இறக்கி வைத்தேன். பெட்டிக்கு நிழல் இருக்கிறது. தண்ணீர்ச் சட்டியை அவர் மகள் பார்த்துக்கொள்ளுகிறாள். மருந்து அடிப்பதாக இருந்தால் முதல் நாள் சாயங்காலமே எனக்குச் சொல்லி அனுப்புவதாகப் பேச்சு.